ஏழு மாரி கண்ட புல்லு வெட்டும் மெசின்

2018 புரட்டாதியில், மாரி தொடங்க முன்னம், யாழ்ப்பாணம் பட்டணத்தில் இந்த மெசினை வாங்கினேன். தோளில் மாட்டி வெட்டும் வகை, 43 சீசீ ரூ-ஸ்ரோக் எஞ்சின், சீனத் தயாரிப்பு. எங்கள் வளவு ஆறு பரப்பு, உரும்பிராய்ச் செம்மண். கார்த்திகையில் நாலு நாள் தொடர்ந்து மழை பெய்தால் கிணற்றடிக்குப் போகும் பாதையே தெரியாது. கூலிக்கு ஆள் கிடைப்பதும் வர வரக் கடினமாகிவிட்டது. ஏழு மாரி கடந்தும் மெசின் ஓடுகிறது. இடையில் ஒரு முறை எஞ்சினைக் குடைந்து பார்க்க வேண்டி வந்தது. அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது இப்போது நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒயில். இந்த எஞ்சினுக்குத் தனியாக ஒயில் ஊற்றும் இடம் கிடையாது. பெற்றோலில் கலந்து போகும் ஒயில்தான் பிஸ்ரனுக்கும் பெயாரிங்குக்கும் உள்ள ஒரே பாதுகாப்பு. ரூ-ஸ்ரோக் ஒயிலை 25க்கு 1 என்று கலந்தால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20. எந்த அளவு என்பதை மெசினோடு வரும் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நான் மருந்துக் கடையில் வாங்கிய ஊசிக் குழாயால் அளக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஃபோர்-ஸ்ரோக் ஒயிலை இதில் கலக்கவே வேண்டாம். அது சுத்தமாக எரியாது, கரியாகப் படியும்.

மெசின் ஸ்ரார்ட் ஆகாவிட்டால், பெற்றோலையும் காற்றையும் கலந்து விடும் காபரேற்றரை உடனே கழற்றத்தான் பலருக்குக் கை போகிறது. எனக்கும் அப்படித்தான் போனது. உண்மையில் முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: பிளக்கில் நெருப்பு (பொறி) இல்லையா, பெற்றோல் வரவில்லையா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் மெசினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விடுவார்கள். அப்பாவின் கையில் எப்போதும் அந்தப் போத்தல் இருக்கும். அதே வித்தையைத்தான் இப்போது சோதனைக்குப் பாவிக்கிறேன். பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் ஐந்தாறு துளி கலவை விட்டு, பிளக்கைப் பூட்டிக் கயிற்றை இழுப்பேன். இரண்டு விநாடி ஓடி நின்றால் நெருப்பு சரி, பெற்றோல்தான் வரவில்லை. ஒன்றுமே அசையாவிட்டால் பிளக், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், நிறுத்தும் சுவிச்சின் வயர் என்று பார்க்கலாம். அந்த வயர் எங்காவது தோல் உரிந்து இரும்பில் முட்டினாலும் நெருப்பு வராது.

கழற்றிய பிளக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நுனி மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் கூடிப்போகிறது, அல்லது காற்று பில்ரர் அடைத்திருக்கிறது. வெள்ளையாக வெளிறி இருந்தால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அரை ராங்கிக் கலவையை வீணாக்க மனமில்லாமல் மெசினுக்குள்ளேயே விட்டுவைத்தேன். ஐந்து மாதம் கழித்து எடுத்தபோது பெற்றோல் வார்னிஷ் மணத்தது. காபரேற்றருக்குள் இருக்கும் டயபிரம், அதாவது பெற்றோலை இழுத்து அளந்து விடும் மெல்லிய ரப்பர் தகடு, காய்ந்த வாழையிலை மாதிரி விறைத்திருந்தது. ராங்கிக்குள் கிடக்கும் சின்ன பில்ரரிலும் பிசின். டயபிரம், பில்ரர், ரப்பர் குழாய் மூன்றையும் மாற்றிய பிறகுதான் சரிவந்தது. நான் காப்பாற்ற நினைத்த பெற்றோலின் விலையைவிட அதற்குப் பல மடங்கு செலவானது.

அடுத்த வருடம் வேறு ஒரு தொல்லை. நன்றாக ஸ்ரார்ட் ஆகும், பத்து நிமிடம் வெட்டும், பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். கால் மணி நேரம் விட்டால் திரும்ப ஓடும். சூட்டினால் கொயில் போகிறது என்று நினைத்துப் புதிய கொயில் வாங்கிப் போட்டேன். அப்படியும் நின்றது. கடைசியில் சுன்னாகத்தில் இறைக்கிற மெசின் திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சாமானையும் கழற்றவில்லை. "தம்பி, நிக்கேக்க ராங்கி மூடியைத் திறந்து பாரும்" என்றார். திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. ராங்கியில் காற்று நுழையும் துவாரம் மண்ணால் அடைபட்டு, பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் மேலே வராமல் நின்றிருக்கிறது. அந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்ததோடு முடிந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். நான் வாங்கிய கொயில் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

சரி, எஞ்சினைக் குடைய வைத்த, பிஸ்ரன் போன கதைக்கு வருகிறேன். 2020 மார்கழியில் அக்சலேற்றரில் இருந்து கையை விட்டாலும் எஞ்சின் மெதுவாகாமல் தானாக வேகமெடுக்கத் தொடங்கியது. ஐடில், அதாவது சும்மா ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்குரூவைத் திருப்பிக் குறைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் ஏறியது. மறுபடியும் குறைத்தேன். அந்த நேரம் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் வெள்ளையாக இருந்திருக்கும். காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றுப் போகாமல் அடைக்கும் கஸ்கற் வெடித்து, அதன் வழியாகக் காற்று கள்ளமாக உள்ளே போயிருக்கிறது. காற்றுக் கூடினால் கலவையில் பெற்றோல் குறையும், அதோடு ஒயிலும் குறையும். வேகமும் சூடும் ஏறும் நேரத்தில் எண்ணெய்ப்பசை இல்லாமல் பிஸ்ரன் சிலிண்டரோடு உரசும். ஒரு பின்னேரம் வேலிக்கரையில் பார்த்தீனியம் வெட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று பலம் இறங்கி நின்றது. சூடு ஆறிய பிறகு கயிற்றை இழுத்தால், வழக்கமாகக் கைக்குத் தெரியும் அந்த எதிர்ப்பு இல்லை. சைலன்சரைக் கழற்றி, புகை போகும் துவாரத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்ரன் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல். அதைப் பார்த்தபோது வந்த கவலை சாதாரணமானது இல்லை. பிஸ்ரனும் சிலிண்டரும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ஆகவே ஐடில் தானாக ஏறினால் ஸ்குரூவைத் தொடாதீர்கள். மெசினை மெதுவாக ஓடவிட்டு, காபரேற்றர் பூட்டும் இடத்தைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரைத் துளித்துளியாக விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். மாறாவிட்டால் எஞ்சின் தண்டைச் சுற்றி அடைக்கும் கிராங்க் சீலைச் சந்தேகியுங்கள். கஸ்கற் மிகச் சொற்பக் காசு.

மற்றவை சின்ன விசயங்கள். ஸ்ரார்ட் ஆகியும் இழுவை இல்லாவிட்டால் சைலன்சர் வாயில் உள்ள கம்பி வலை கரியால் அடைத்திருக்கும், கழற்றித் தேய்த்தால் போதும். ஐடிலில் வெட்டும் தலை தானாகச் சுழன்றால் முதலில் ஐடில் வேகம், அது சரி என்றால் கிளச் ஸ்பிரிங். எங்கள் மண்ணில் சுண்ணாம்புக்கல் துண்டு நிறைய, அதனால் இரும்பு அலகைப் பற்றைக்கு மட்டும் போட்டு மற்ற இடத்தில் தங்கூசி நூல்தான் பாவிக்கிறேன். எது போட்டாலும் 15 மீற்றருக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது, பிள்ளைகள் இருந்தால் வீட்டுக்குள் அனுப்பிவிடுவேன்.

மாசியில் புல்லு காயத் தொடங்கியதும் ராங்கியைக் காலி செய்து, குழாயில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ரூ-ஸ்ரோக் ஒயில், கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுவை, பிறகு கொட்டிலில் சாக்கால் மூடி வைப்பு. இந்த ஐப்பசியில் புதுக் கலவை ஊற்றி எடுத்தபோது மூன்றாவது இழுவையில் ஓடியது.