பழைய ஸ்விஃப்ட்டா, புதிய ஸ்விஃப்ட்டா? மலைப்பாதை சொல்லும் தீர்ப்பு

2005-இல் இந்தியாவில் அறிமுகமான முதல் மாருதி ஸ்விஃப்ட்டையும் 2024-இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட்டையும் விவரத்தாளில் ஒப்பிட்டால் பழையதன் கைதான் ஓங்கும். அதன் 1.3 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 87 குதிரைத்திறன் தந்தது, புதிய 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் தருவது சுமார் 80. ஆனால் எடையைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பழையது ஆயிரம் கிலோவைத் தொடும் வண்டி. புதியது 920 கிலோ அளவில் நிற்கிறது. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன.

வித்தியாசம் அந்தத் திறன் வெளிப்படும் விதத்தில் இருக்கிறது. இரண்டு இன்ஜின்களிலும் சிலிண்டரின் விட்டம் ஒன்றுதான், 74 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக்தான் வேறு: பழையதில் 75.5, புதியதில் 92.8 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக் உள்ள இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும், உயர்ந்த சுழற்சிக்குப் போகத் தயங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இது அப்பட்டமாகத் தெரியும். வளைவில் வேகம் குறைந்து இரண்டாம் கியரில் மீண்டும் ஏறும்போது புதியது திணறாமல் கிளம்புகிறது. பழையதற்கு ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டும், சில வளைவுகளில் முதல் கியரே போட வேண்டும். ஆனால் சற்று நீளமான நேர்ப்பாதை கிடைத்ததும் கதை மாறிவிடும். நிமிடத்துக்கு 4,500 சுழற்சிக்கு மேல் பழைய இன்ஜின் பாடிக்கொண்டே ஓடும். புதியது அங்கே சத்தம் போடுகிறதே தவிர, உற்சாகம் காட்டுவதில்லை. ஓட்டுவதையே விரும்புகிற எனக்கு இது பெரிய இழப்பு.

ஸ்டீயரிங்கிலும் என் ஓட்டு பழையதற்கே. இரண்டிலும் மின்சார உதவிதான். ஆனால் பழையதில் கைக்குக் கனம் தெரியும், முன்சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்பது புரியும். புதியது நகர நெரிசலுக்காக இலகுவாக்கப்பட்டது. வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்புவதிலும் அதற்குச் சுறுசுறுப்பு போதாது. சஸ்பென்ஷனில் நிலைமை தலைகீழ். பழையதன் விறைப்பு பின்சீட்டில் இருப்பவர்களின் முதுகைப் பதம் பார்க்கும். புதியது பள்ளங்களை நிதானமாக விழுங்குகிறது.

பாதுகாப்பில் போட்டியே இல்லை. புதியதில் ஆறு ஏர்பேக்குகளும், வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் இஎஸ்பியும் எல்லா ரகங்களிலும் உண்டு. பழையதன் கீழ்நிலை ரகங்களில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கூடக் கிடையாது. மழையில் இறங்கும் மலைச்சாலையில், குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் நான் புதியதைத்தான் சொல்வேன்.

பழையதை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியை ஷோரூம் வண்டியோடு ஒப்பிட்டு, 'தளர்ந்துவிட்டது' என்று விற்க அவசரப்படாதீர்கள். முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்களில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருந்தால் வளைவில் ஊசலாடும். இவற்றையும் டயர்களையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகு ஒருமுறை மலையேறிப் பாருங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை இறங்கி வந்த பிறகு முடிவு செய்யலாம்.