ஞாயிற்றுக்கிழமை எம்.ஏ.: தொலைநிலைக் கல்வியில் உலக வரலாறு எப்படி இருக்கிறது?

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாகச் சேரலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் ஸ்டடி சென்டரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவர் யார் என்று விசாரியுங்கள். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகள் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது; அவற்றில் பாதி எல்லாத் தொலைநிலைப் படிப்புக்கும் பொருந்தும் என்று கூடப் படித்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிகிறது. இங்கே உலக வரலாற்றுத் தாள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், இவைதான் என் உலகம். படித்தது பி.காம். வரலாற்றுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கப்பல். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் கிடந்தது நினைவிருக்கும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகும் சரக்கெல்லாம் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் மெயில் மேல் மெயில் போட்டார்கள். அந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள், அது யாருடையது, அது இல்லாதபோது கப்பல்கள் எப்படிப் போயின என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் அந்தப் பெயரை டைப் அடிக்கிற எனக்கும் தெரியவில்லை. அது என்னை மிகவும் உறுத்தியது. அடுத்த சேர்க்கையிலேயே பணம் கட்டிவிட்டேன்.

முதலில் புத்தகங்கள். தமிழ்வழியில் சேர்ந்தால் தமிழில் பாடநூல் தருகிறார்கள். அச்சு சுமார், தாள் அதைவிடச் சுமார், அதெல்லாம் பரவாயில்லை. பொறுக்கவே முடியாத குறை ஒன்று உண்டு: உலக வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரைபடம்கூட இல்லை. வாஸ்கோ ட காமா 1497இல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார் என்று இரண்டு வரி இருக்கிறது. அந்த முனை எங்கே, அதற்கு முன் மிளகு எந்த வழியாக வெனிஸ் போனது, போர்ச்சுகீசியர் வந்ததும் யார் பிழைப்பில் மண் விழுந்தது என்பதெல்லாம் வரைபடம் இல்லாமல் எப்படிப் புரியும்? பள்ளிக்கூடத்து அட்லஸ் ஒன்றை வாங்கி, பாடநூலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் படிப்பு என்று ஒன்று ஆரம்பித்தது.

அட்லஸை விரித்துவைத்துப் படித்தபோது சூயஸ் பாடம் அப்படியே ஆபீஸ் வேலையாகத் தெரிந்தது. 1869இல் திறந்தார்கள். 1956இல் எகிப்தின் நாசர் அதை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. 1967 போருக்குப் பிறகு 1975 வரை கால்வாய் மூடியே கிடந்தது. எட்டு வருடம்! நாங்கள் ஆறு நாளுக்கே துடித்துப்போனோம். இரண்டாம் வருடத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். 2023 கடைசியிலிருந்து எங்கள் கன்டெய்னர்கள் மறுபடியும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. வழக்கத்தைவிடப் பத்துப் பதினைந்து நாள் கூட. வாஸ்கோ ட காமா வந்த பழைய பாதை அது. பையருக்கு எழுதிய விளக்கக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கி எழுதினேன்.

பாடத்திட்டத்தின் வரிசை பழையது. மறுமலர்ச்சி, கடல்வழிக் கண்டுபிடிப்புகள், பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன், தொழிற்புரட்சி, இத்தாலி ஜெர்மனி ஒருங்கிணைப்பு, இரண்டு உலகப் போர்கள், பனிப்போர். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைவதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவுக்குச் சில பக்கம், லத்தீன் அமெரிக்காவுக்கு அதிலும் குறைவு. ஜெர்மனியை ஒருங்கிணைத்த பிஸ்மார்க்குக்கு ஒரு முழு அலகு. இதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து படித்திருந்தால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

விடாமல் பிடித்துவைத்தது கோவையில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள். எங்களுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, மேடம் என்றே எழுதுகிறேன். கூடப் படித்தவர்களில் கோபியில் பட்டுக்கூடு வியாபாரம் செய்யும் ஒரு அக்கா, போலீஸ்காரர் ஒருவர், பி.எட். முடித்த பெண்கள், தாராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு ரிட்டையர்டு தபால்காரர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் "சொல்லுங்க" என்றுதான் மேடம் கேட்பார்.

நெப்போலியன் பாடத்தை அவர் எடுத்த விதத்தைச் சொன்னால் போதும். பாடநூல் பாரிஸில் ஆரம்பித்து வாட்டர்லூவில் முடிக்கும். மேடம் பலகையில் "1798, எகிப்து" என்று எழுதிவிட்டு, "நம்ம சங்ககிரிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நெப்போலியன் 1798இல் எகிப்தில் இறங்கினார். அடுத்து இந்தியாவுக்கு வந்து திப்புவோடு சேர்ந்துவிடுவாரோ என்று ஆங்கிலேயர்களுக்குப் பயம். 1799 ஜனவரியில் நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அந்த மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். திப்புவிடம் இருந்த கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. திப்பு பக்கம் நின்று போரிட்ட தீரன் சின்னமலை அதற்கப்புறமும் ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்து நின்றார். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னால் வெலிங்டன் பிரபு ஆகி, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்.

ஆடி பதினெட்டுக்குச் சங்ககிரி மலையேறும் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சின்னமலை கதையை எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதையின் ஒரு முனை நைல் நதிக்கரையில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தபால்காரர் ஐயா தாராபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்திலும் இப்படித்தான். 1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை என்று பாடநூல் பக்கம் பக்கமாகப் போகிறது. அதே பிரான்சின் சர்க்கரைத் தீவில் 1791இல் அடிமைகள் எழுந்ததும், நெப்போலியன் அனுப்பிய படையை முறியடித்து 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலை அறிவித்ததும் ஒரே பத்தி. மேடம் அதற்கு ஒரு வகுப்பு முழுவதும் ஒதுக்கினார். விடுதலை பெற்ற அந்த நாட்டிடமே, இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கட்டு என்று 1825இல் பிரான்ஸ் மிரட்டி வாங்கிய கதையைச் சொன்னபோது கோபி அக்கா, "அடிமையா இருந்தவங்களே காசும் கட்டோணுமா?" என்று கேட்டார். வகுப்பே சூடாகிவிட்டது. சமத்துவம் என்று முழங்கியவர்கள் யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது பிரெஞ்சுப் புரட்சி பற்றிய முக்கியமான கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். பாடத்திட்டம் எழுதியவர்கள் ஹைட்டிக்கு ஒரு தனி அலகே கொடுக்க வேண்டும்.

தொழிற்புரட்சி என் சொந்தப் பாடம் மாதிரி இருந்தது. பருத்தி வந்துவிட்டதல்லவா! 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்கு மாநிலங்கள் தெற்கின் துறைமுகங்களைக் கப்பற்படையால் அடைத்தன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரவில்லை. அங்கே தொழிலாளர் பட்டினி. இங்கே இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, அந்த விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நூல் விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த திருப்பூர்க்காரிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கோவையின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கினார். ஆனால் ஆலைகள் பெருகியது 1930களில். 1929இல் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்து உலகமே மந்தத்தில் கிடந்த காலம் அது. அந்த நேரத்தில் இங்கே எப்படி மில் கட்டினார்கள்? விளைபொருள் விலை விழுந்ததால் பஞ்சு மலிவு. நிலத்தில் போட்ட பணத்துக்கு வருமானம் இல்லாததால் காசுள்ளவர்கள் ஆலைப் பக்கம் திரும்பினார்கள். வேலை தேடி வந்தவர்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. கிராமத்தை விட்டு அவர் குடும்பம் ஏன் வந்தது என்று கேட்டால் "வெள்ளாமை படுத்துருச்சு" என்று மட்டும் அம்மாயி சொல்வார். அது உலகம் முழுக்கப் படுத்த வெள்ளாமை என்று எம்.ஏ. இரண்டாம் வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பண்டைய நாகரிகங்கள் தாளில் ரோம் வருகிறது. அதற்கு மேடம் எங்களைக் கொடுமணலுக்கே கூட்டிப்போனார். சென்னிமலை பக்கம், நொய்யல் கரை. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது, காடும் கல்வட்டங்களும்தான். ஆனால் அங்கே தோண்டியதில் மணி செய்யும் பட்டறை, இரும்பு உருக்கிய உலை, தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடு எல்லாம் கிடைத்திருக்கின்றன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைக்கும் பச்சைக் கல்லுக்கு ரோமில் மவுசு. இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். அப்படி வந்த காசில் ஒரு பகுதிதான் கோவை வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள். வெள்ளலூர் இன்றைக்குக் குப்பைக் கிடங்குக்காகச் செய்தியில் அடிபடும் ஊர். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரிய குறை ஒன்று பாக்கி. 1974இல் பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்கு இவ்வளவுதான் என்று கோட்டா வைத்தன. 2005 ஜனவரி 1இல்தான் அது முழுவதும் நீங்கியது. திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தது இந்தக் கோட்டாவுக்குள்தான். 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தையல் வேலை பார்த்த பெண்கள். அதற்கப்புறம் பாதுகாப்பு ஆடிட் என்றால் எல்லாரும் பயப்படும் அளவுக்குக் கெடுபிடி கூடியது. இதெல்லாம் உலக வரலாறு இல்லையா? 1991ஐ இறுதி ஆண்டாக வைத்திருக்கும் பாடத்திட்டத்தை யாராவது திருத்தியே ஆக வேண்டும்.

தேர்வு மூன்று மணி நேரம். "தொழிற்புரட்சியின் விளைவுகளை விவரி" வகைக் கேள்விகள்தான். பழைய வினாத்தாள்களை வைத்துப் படித்தால் தேறலாம். வகுப்பில் கற்றது எதையும் அதில் காட்ட இடம் இல்லை என்பது வருத்தம். அசைன்மென்டில் ஓரளவு காட்டலாம். அலுவலகச் சேவை மோசம். புத்தகம் தேர்வுக்குச் சற்று முன்னால் வரும், போனை எடுக்க மாட்டார்கள், ஹால் டிக்கெட்டில் என் இனிஷியல் மாறி வந்து அதைத் திருத்த அலைந்தேன். கட்டணம் மட்டும் நியாயம்: ஒரு வருடத்துக்குக் கட்டியது என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிகூட வராது.

யூ.பி.எஸ்.சி. மெயின்ஸ் எழுதுபவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டிலிருந்தான உலக வரலாறு பொது அறிவு முதல் தாளில் இருப்பதால் இந்தப் படிப்பு நேரடியாக உதவும். முதுகலை ஆசிரியர் வேலைக்கு என்றால் பி.எட். கூட வேண்டும், சேரும்போதே அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை, குடும்பம் என்று ஓடும் பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: ஞாயிறு காலை வீட்டை விட்டுக் கிளம்ப முடியும் என்றால் மட்டும் சேருங்கள், வகுப்பு இல்லாமல் இது வெறும் மனப்பாடம்.

துணை நூல்களுக்கு ஆர்.எஸ்.புரம் மாவட்ட மைய நூலகம், உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள், ஆடியில் ஈரோடு புத்தகத் திருவிழா மூன்றும் எனக்குப் போதுமானதாக இருந்தன. அட்லஸை மட்டும் சேர்க்கைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அப்புறம், சேர்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டடி சென்டருக்குப் போய், பின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். எங்கள் மேடம் யாரையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.