எரிமலைச் சாம்பலைச் சாக்காகச் சொல்லி டிக்கெட் பணத்தைப் பிடுங்குகிறார்கள், கவனம்

பாலிக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள், போடப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எரிமலைச் சாம்பலால் விமானம் நிற்கும் நேரத்தில், விமான நிறுவனம் ரத்து செய்வதற்கு முன்பே பயணியே ரத்து செய்துவிட்டதாகக் கணக்குக் காட்டிச் சில ஏஜென்ட்கள் காசு பார்க்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு நடந்தது இதுதான்.

2025 ஜூலை 7 அன்று இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லெவோடோபி லகி-லகி எரிமலை வெடித்தது. சாம்பல் 18 கி.மீ. உயரம் வரை எழும்பியது. பாலியிலிருந்து அந்த மலை கிட்டத்தட்ட 800 கி.மீ. தள்ளி இருக்கிறது, நாங்கள் தங்கியிருந்த இடத்தில் வானம் பளிச்சென்று இருந்தது. அன்று மாலை அப்பா அம்மாவோடு ஊர் திரும்ப வேண்டும். மதியமே டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டிடமிருந்து போன். "மேடம், மத்த ஏர்லைன்ஸ் எல்லாம் பறந்துட்டுதான் இருக்கு, இவங்க மட்டும் சீன் போடுறாங்க. எரிமலைன்னா இயற்கைச் சீற்றம், அவங்க கேன்சல் பண்ணா ஒரு பைசா தர மாட்டாங்க. இப்பவே நீங்க கேன்சல் பண்ணச் சொன்னா முழு ரீஃபண்ட் நான் வாங்கித் தர்றேன், வேற விமானத்துலயும் சீட் போடுறேன்" என்றார். முழு ரீஃபண்ட்தானே என்று இரண்டு முறை கேட்டேன், ஆமாம் என்று உறுதியாகச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் விமான நிறுவனமே அந்த விமானத்தை ரத்து செய்தது. கவுன்டரில் போய் நின்றால், உங்கள் டிக்கெட் ஏற்கெனவே 'பயணி விருப்பத்தின் பேரில்' ரத்தாகிவிட்டது, அதற்கான கட்டணம் பிடித்தாகிவிட்டது என்கிறார்கள். பக்கத்தில் அதே விமானத்துக்கு வந்திருந்தவர்களுக்கு வேறு தேதியில் இலவசமாக டிக்கெட் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடையாது. மூன்று பேர் டிக்கெட்டில் பாதிக்கு மேல் போயிற்று, ஏஜென்ட் போட்டுத் தந்த புது டிக்கெட்டின் விலையோ வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

அவர் சொன்னதில் எது பொய் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாம்பல் காரணமாக விமான நிறுவனம் ரத்து செய்தால் நஷ்டஈடு கிடைக்காது, அது உண்மை. ஆனால் டிக்கெட் பணம் வேறு, நஷ்டஈடு வேறு. நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமோ பணமோ கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏஜென்ட் வழியாக வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. (வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதி, அதைத் தனியாகப் பாருங்கள்.)

"சீன் போடுறாங்க" என்றாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1982 ஜூனில் இதே இந்தோனேசியாவில், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன. அது ராத்திரி நேரம், சாம்பல் காய்ந்த பொடி என்பதால் வானிலை ரேடாரிலும் தெரியவில்லை. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, பாறையும் கண்ணாடியும் பொடிந்த தூள். இன்ஜின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கும். விமானம் சாம்பலை விட்டுத் தாழ்வாக இறங்கிய பிறகு இன்ஜின்கள் மறுபடி இயங்கியதால் ஜகார்த்தாவில் தரையிறங்கினார்கள், அதுவும் முன்கண்ணாடி தேய்ந்து மங்கி வெளியே சரியாகத் தெரியாத நிலையில்.

அப்புறம் ஏன் ஒரு நிறுவனம் பறக்கிறது, இன்னொன்று நிற்கிறது? 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்தபோது ஐரோப்பாவில் பெரும்பகுதி வான்வெளியையே மூடினார்கள், சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. இவ்வளவு தேவையா என்று விமான நிறுவனங்கள் சண்டை போட்ட பிறகுதான் சாம்பலின் அடர்த்தியை வைத்து, எவ்வளவு வரை பறக்கலாம் என்று அளவு நிர்ணயித்தார்கள். இப்போது பல இடங்களில், எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையம் தரும் வரைபடத்தைப் பார்த்து (இந்தோனேசியாவுக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம்) எந்தப் பாதை, எந்த நேரம், பறக்கலாமா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறது. அதனால் ஒரே நாளில் ஒன்று பறப்பதும் ஒன்று நிற்பதும் சாதாரணம். பறக்காமல் நின்றவர்கள் மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை, அப்பா அம்மா உயிரோடு விளையாடாமல் விட்டார்களே. அந்தப் பயத்தை வைத்துக் காசு பார்த்தவர் மேல்தான் கோபம்.

அதே ஏஜென்ட் விற்ற பயணக் காப்பீடும் உதவவில்லை. அந்த மலை 2023 டிசம்பரிலிருந்தே வெடித்துக்கொண்டிருக்கிறது, பாலிசி எடுக்கும்போதே தெரிந்த ஆபத்து என்று நிராகரித்துவிட்டார்கள். விற்கும்போது "எல்லாம் கவர் ஆகும்" என்றுதான் சொன்னார்.

சரி, இனி போகிறவர்கள் செய்ய வேண்டியது. யார் அவசரப்படுத்தினாலும், நிறுவனத்தின் ரத்து அறிவிப்பு உங்கள் போனுக்கோ மெயிலுக்கோ வரும்வரை டிக்கெட்டைத் தொட விடாதீர்கள். டிக்கெட் போடும்போது ஏஜென்ட் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் எண்ணையே பதியச் சொல்லுங்கள். ரத்தானதும் கவுன்டரில் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் அதை வாங்கி வந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிய முடிந்தது. ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை, புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.