கொழிஞ்சாம்பாறையில் ஒரு கணித அடிப்படை வகுப்பு

இளநிலை இயற்பியலில் சேர்ந்திருக்கும் என் தங்கையை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் மாலை நேரத்தில் நடக்கும் கணித அடிப்படை வகுப்புக்கு அனுப்பினோம். பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு அங்கே தமிழிலேயே விளக்குவது பேருதவி. தனி ஊசல் சிறிய கோணத்தில் (தீட்டா) ஆடும் கணக்கில் சைன் தீட்டாவுக்குப் பதிலாகத் தீட்டாவையே ஏன் போடலாம் என்பதை, 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் மதிப்பு 0.1736 என்று பலகையில் எழுதிக் காட்டி, கோணத்தை ரேடியனில் எடுத்தால் மட்டுமே இது பொருந்தும் என்று ஆசிரியர் மனத்தில் பதியவைத்த விதம் மிகச் சிறப்பு. அளவும் திசையும் கொண்ட வெக்டர்கள் பற்றிய பாடமும் தெளிவாகவே நடந்தது. தொகையிடலை (integration) மட்டும் கடைசியில் அவசரமாக முடித்துவிட்டார்கள். மாறும் விசை செய்யும் வேலையைக் கணக்கிட அதுதான் அடிப்படை என்பதால், அடுத்து சேரும் மாணவர்களுக்கேனும் அதற்குக் கூடுதல் வகுப்புகளை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.