கிளார்க்கன்வெல்லில் ஒருவேளைச் சாப்பாடு: செயின்ட் ஜானா, குவாலிட்டி சாப் ஹவுஸா, ஈகிளா?

லண்டனுக்கு வரும் நண்பர்கள் மூன்றாம் நாள் வாக்கில் ஒரு கேள்வி கேட்பார்கள். "பிட்சாவும் பிரியாணியும் நம்ம ஊரிலேயே கிடைக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்கிற நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" நான் அவர்களை ஃபாரிங்டன் ஸ்டேஷனில் இறங்கச் சொல்வேன். எலிசபெத் லைனில் ஏறினால் ஹீத்ரோவிலிருந்தே வண்டி மாறாமல் வந்துவிடலாம். அங்கிருந்து கிளார்க்கன்வெல் பக்கம் கால் மணி நேர நடைக்குள் மூன்று கடைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பலமுறை போயிருக்கிறேன், மூன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போவது என்பதில் எனக்குத் தெளிவான பதில் உண்டு.

இந்தக் கடைகளின் சமையலை 'மாடர்ன் பிரிட்டிஷ்' என்பார்கள். பெயரைக் கேட்டதும் தட்டில் நுரையும் பூவும் வைத்து ஓவியம் தீட்டும் சமையலை நினைக்க வேண்டாம். இங்கே நடந்தது கிட்டத்தட்ட அதற்கு எதிரானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940-இல் வந்த ரேஷன் இந்த நாட்டில் 1954 வரை நீடித்தது. பதினான்கு வருடம் கறியையும் வெண்ணெயையும் அளந்து வாங்கிய ஊரில் பல பழைய பதார்த்தங்கள் கைவிட்டுப் போயின. நல்ல சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சாப்பாடு என்பதே பிறகு வழக்கமானது. அந்த நினைப்பை உடைத்து, உள்ளூர்க் கறி, உள்ளூர் மீன், அந்தந்தப் பருவத்துக் காய், பாட்டி காலத்துப் பதார்த்தம் ஆகியவற்றை அலங்காரம் இல்லாமல், ஆனால் மிகுந்த கவனத்தோடு சமைத்துத் தருவதுதான் இந்தப் புதிய வகை.

அது இந்தப் பேட்டையில் வேர் விட்டதற்குக் காரணம் பக்கத்திலிருக்கும் ஸ்மித்ஃபீல்ட் கறிச் சந்தை. எண்ணூறு வருடங்களுக்கும் மேலாகக் கால்நடையும் கறியும் கைமாறும் இடம் அது. இப்போதுள்ள இரும்புக் கூரைக் கட்டடம் 1868-இல் திறந்தது. வியாபாரம் பின்னிரவில் தொடங்கி, நாம் காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், 26, செயின்ட் ஜான் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது செயின்ட் ஜான். 1994-இல் திறந்தது. ஃபெர்கஸ் ஹெண்டர்சன் சமையலையும், டிரெவர் கலிவர் ஒயினையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார்கள். ஹெண்டர்சன் சமையல் கல்லூரிக்குப் போனவர் அல்ல, கட்டடக் கலை படித்தவர். உள்ளே நுழைந்ததுமே அது புரியும். முன்பு பன்றிக்கறியைப் புகைபோட்டுப் பதப்படுத்திய கட்டடத்துக்கு வெள்ளையடித்து அப்படியே விட்டிருக்கிறார்கள். சுவரில் படம் இல்லை, பாட்டு இல்லை, பூச்சாடி இல்லை. கோட்டு மாட்ட வரிசையாக ஆணிக்கட்டை, மேஜை மேல் வெள்ளைக் காகிதம். மெனுவிலும் வர்ணனை கிடையாது. இந்தக் கறி, இந்தக் காய் என்று இரண்டு மூன்று வார்த்தைகளோடு சரி. அதுவும் தினமும் மாறும்.

மாறாமல் இருப்பது ஒன்று: வறுத்த எலும்பு மஜ்ஜையும், பார்ஸ்லி என்கிற கொத்தமல்லி மாதிரித் தழையில் செய்த சாலடும். நம்ம ஊர் நல்லி எலும்பு தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கன்றின் கால் எலும்பை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக வெட்டி, அடுப்பில் வறுத்து, தட்டில் நிற்க வைத்துத் தருவார்கள். பக்கத்தில் சுட்ட ரொட்டி, ஈரமான சாம்பல் நிறக் கடலுப்பு ஒரு குவியல், அப்புறம் அந்தச் சாலட். மெல்லிய நீளமான கருவி ஒன்றை எலும்புக்குள் விட்டுச் சுற்றினால் மஜ்ஜை வழுக்கிக்கொண்டு வரும். அதைச் சுட்ட ரொட்டியில் தடவி, உப்பை விரலால் கிள்ளித் தூவி, மேலே ஒரு பிடி சாலட் வைத்துக் கடிக்க வேண்டும். மஜ்ஜை மட்டும் என்றால் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும். பார்ஸ்லியோடு கலந்திருக்கும் சின்ன வெங்காயமும் கேப்பர் என்கிற ஊறவைத்த பூமொட்டும் எலுமிச்சைச் சாறும் அதை வெட்டிக்கொண்டு போகின்றன. உப்பைச் சமையலறையிலேயே போட்டு அனுப்பாமல் நம் கையில் விடுகிறார்களே, அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு வாயும் கொஞ்சம் வேறுவிதமாக இருக்கும்.

ஒரு மிருகத்தைக் கொன்ற பிறகு நல்ல துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளுவது மரியாதை இல்லை என்பது ஹெண்டர்சனின் நிலை. 'மூக்கு முதல் வால் வரை' என்று அவர் சொன்ன பேச்சு இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. தலைக்கறி, குடல், ஈரல், சுவரொட்டி என்று ஒன்றையும் வீணாக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதுத் தத்துவம் அல்ல. ஆனால் 1990-களின் பிரிட்டனில் அப்படிச் சமைக்கத் துணிச்சல் வேண்டும். பைத்திய மாட்டு நோய்ப் பயம் நாட்டை ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1997 டிசம்பரிலிருந்து இரண்டு வருடம் எலும்போடு மாட்டுக்கறி விற்கவே தடை இருந்தது. அப்போதும் இதயத்தையும் நாக்கையும் இரைப்பையையும் மெனுவில் வைத்துக்கொண்டு நின்ற கடை இது. 2009-இல் மிஷ்லின் நட்சத்திரம் வந்தது. வெள்ளைக் காகிதத்தை அதற்காக மாற்றவில்லை.

எல்லோரும் சாப்பாட்டு ஹாலையே நினைக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது முன்னாலிருக்கும் பார். புக்கிங் இல்லாமல் போய் உட்காரலாம், பில்லும் குறைவு. அங்கே வெல்ஷ் ரேர்பிட் கேளுங்கள். சீஸையும் கடுகையும் கின்னஸ் பீரையும் உருக்கிக் கெட்டியாக்கி, ரொட்டி மேல் தடவி, மேற்புறம் கொப்புளிக்கும் வரை சுட்டுத் தருவார்கள். மேலே வூஸ்டர் சாஸ் ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சாஸில் புளி சேர்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஃபாரிங்டன் ரோட்டில் இருக்கும் குவாலிட்டி சாப் ஹவுஸ் வேறு மாதிரியான இடம். 1869-இல் உழைக்கும் மக்களுக்காகத் திறந்த சாப்பாட்டுக்கடை. 'முற்போக்கான தொழிலாளர் உணவகம்' என்ற பொருளில் ஜன்னல் கண்ணாடியில் பொறித்த ஆங்கில எழுத்து இன்னும் இருக்கிறது. உள்ளே கறுப்பு வெள்ளைத் தரை, உயரமான முதுகு வைத்த மர பெஞ்சுகள். உட்காரும் பலகை மிகவும் ஒடுக்கம். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் நினைத்தபடி பிடுங்கிப் போடவும் முடியாது. முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் பெஞ்ச் இல்லாத இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடை பல கைகள் மாறி, 2012-இல் வில் லேண்டரும் ஜோசி ஸ்டேப்பிள்டனும் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகுதான் இன்றைய புகழ் வந்தது. சமையலை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனவர் ஷான் சர்லி.

சாப் என்றால் எலும்போடு வெட்டிய கறித்துண்டு. பன்றியோ மாடோ ஆடோ, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தெரிந்து வாங்கி, நன்றாகச் சுட்டு, சற்று ஆறவிட்டுத் தருகிறார்கள். அது அருமைதான். ஆனால் இந்தக் கடையைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் சொல்வது உருளைக்கிழங்கை. கிழங்கைக் காகித மெல்லிசாகச் சீவி, வாத்துக் கொழுப்பில் புரட்டி, அடுக்கடுக்காக வைத்து வேகவிட்டு, இரவு முழுக்கப் பாரம் வைத்து அழுத்துகிறார்கள். மறுநாள் அதைச் செங்கல் செங்கலாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். கடிக்கும்போது வெளி ஓரங்கள் முறுக்கு மாதிரி நொறுங்கும், நடுவில் அடுக்குகள் வெண்ணெயாக இருக்கும். மேலே கடுகுச் சாறு. உருளைக்கிழங்கை எத்தனையோ விதமாகத் தின்ற நாக்கு எனக்கு. இருந்தாலும் முதல்முறை இதைக் கடித்துவிட்டுப் பேச்சை நிறுத்தினேன். இரண்டு பேர் போனால் ஒரு தட்டு போதும் என்று பணிவிடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள்.

செயின்ட் ஜானையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரியும் வித்தியாசம் இதுதான். சாப் ஹவுஸ் தெரிந்த சுவையை எடுத்து அதன் உச்சிக்குக் கொண்டுபோகிறது. உடன் வருபவருக்கு உள்ளுறுப்பு என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் இருந்தால் யோசிக்காமல் இங்கே போகலாம். யாருக்கும் குறை இருக்காது. செயின்ட் ஜான் அப்படி எல்லோரையும் அணைத்துக்கொள்ளாது. சில நாட்களில் தட்டில் ஒரு துண்டு கறி, ஒரு கீரை, அவ்வளவுதான். சாஸ் இல்லையா என்று தேடத் தோன்றும். ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைச் சாப்பிட்டோம் என்ற நினைப்போடு வெளியே வருவது அங்கேதான்.

அதே ஃபாரிங்டன் ரோட்டில், 159-ஆம் எண்ணில் ஈகிள். சாப்பாட்டுக்குப் பேர்போன பப்புக்கு 'கேஸ்ட்ரோபப்' என்று பெயர் வந்ததே இந்தக் கடையிலிருந்துதான். அதுவரை பெரும்பாலான பப்புகள் பீர் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. ஒரே கம்பெனி ஆயிரக்கணக்கில் பப் வைத்திருக்கக் கூடாது என்று 1989-இல் அரசு ஆணை போட்டதும் அவை விற்பனைக்கும் வாடகைக்கும் வந்தன. தனி ரெஸ்டாரன்ட் திறக்கப் பணம் போதாத மைக் பெல்பனும் டேவிட் ஐரும் 1991-இல் இந்த இடத்தைப் பிடித்தார்கள். பார் மேஜைக்குப் பின்னாலேயே அடுப்பு, கரும்பலகையில் மெனு, ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், தட்டுகள். பாரில் சொல்லிப் பணம் கட்டிவிட்டு இடம் தேடி உட்கார வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால் தட்டில் வருவது பிரிட்டிஷ் சாப்பாடு அல்ல. போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி வாசம்தான் அதிகம். முதல் நாளிலிருந்து இருக்கும் பீஃபே ஆனா கூட பூண்டும் மிளகாயும் ஒயினும் போட்டு ஊறவைத்த மாட்டுக்கறியை முரட்டு ரொட்டிக்குள் வைத்துத் தரும் போர்ச்சுகீசிய வகை சாண்ட்விச். ஆனாலும் இதை இந்த வரிசையில் வைக்கிறேன். வெள்ளை மேஜைத்துணி இல்லாமலும் நல்ல சாப்பாடு போட முடியும் என்று இந்த ஊருக்குக் காட்டிய கடை. தனியாகப் போகிறீர்கள், பசிக்கிறது, செலவு அதிகமாகக் கூடாது என்றால் இதுதான்.

பக்கத்தில் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் செஷன்ஸ் ஆர்ட்ஸ் கிளப் இருக்கிறது. இடம் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அங்கே போகிறவர்கள் பாதி அந்தக் கூடத்துக்காகவே போகிறார்கள், அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவக்காரர்களும் மெனுப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டிரிப்பிங் என்றால் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. புடிங்கில் போடும் சூயட் மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு. சாப் ஹவுஸ் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பு. வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. அந்த நல்லி எலும்பும் கன்றுடையதே, ஆட்டினுடையது அல்ல. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், கேட்க வேண்டியது நம் பொறுப்பு. முழுச் சைவம் என்றால் இந்த மூன்று கடைகளையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒன்றிரண்டு தட்டுக்காக அந்த விலை கொடுப்பது நியாயமில்லை. மாடும் பன்றியும் மட்டும் வேண்டாம் என்பவர்கள் இலையுதிர் காலத்தில் செயின்ட் ஜானுக்கு வாருங்கள். ஆகஸ்ட் 12-இல் கிரவுஸ் பறவை வேட்டை தொடங்கும், அதன் பின் காட்டுப் பறவைகள் மெனுவுக்கு வரும். மெதுவாகக் கடியுங்கள், கறிக்குள் ஈயக்குண்டு இருக்கக்கூடும்.

பில்லைப் பொறுத்தவரை ஈகிள்தான் மலிவு. மற்ற இரண்டிலும் ஒயினும் சேர்ந்தால் பில் கனமாகவே வரும். லண்டனில் பல கடைகளில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானாகவே சேர்ந்துவிடும், அதற்குமேல் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. ஒருமுறை இதே பேட்டையில் வேறொரு கடையில் பில்லைப் பார்க்காமல் இரண்டு தடவை டிப்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன்.

சரி, ஒரே வேளை என்றால்? செயின்ட் ஜான், மதிய நேரம். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்மித்ஃபீல்டில் சந்தையை நிரந்தரமாக மூடுவது என்று 2024-இல் நகர நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. 2028 வரையாவது வியாபாரம் நடக்கும் என்கிறார்கள். முடிந்தால் விடிவதற்குள் வந்து, வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கறியோடு போய்வருவதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிறகு எங்காவது சுற்றிவிட்டு மதியம் பக்கத்துத் தெருவில் செயின்ட் ஜானில் உட்கார்ந்து எலும்பைக் குடையலாம்.

ஒன்று மறக்க வேண்டாம். மேட்லின் என்கிற குட்டிக் கேக்கைக் கேட்ட பிறகுதான் அடுப்பில் வைப்பார்கள், கால் மணி நேரம் ஆகும். கறித்தட்டு காலியாகும்போதே சொல்லிவிடுங்கள். ஆறு வேண்டுமா பன்னிரண்டா என்று கேட்பார்கள். பன்னிரண்டு.