எலியிலும் சுண்டெலியிலும் மூளைப் புழு: எந்தச் சோதனை எதைச் சொல்கிறது?

ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டோனென்சிஸ் என்னும் உருளைப்புழு, 1935-இல் சீனாவின் குவாங்சோ நகரத்து எலிகளிலிருந்து விவரிக்கப்பட்டது. நத்தை வழியாக எலியின் உடலுக்குள் நுழையும் மூன்றாம் நிலை இளம்புழு மூளையை அடைந்து, அங்கே இருமுறை தோலுரித்து, ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் நுரையீரல் தமனிக்குச் சென்று முதிர்ச்சி அடைகிறது. சுண்டெலியிலோ அது பெரும்பாலும் மூளையைத் தாண்டாமல் மடிந்துவிடுகிறது. சோதனையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்த வேண்டும்.

எலியின் புழுக்கையில் முதல் நிலை இளம்புழுவைத் தேடும் பேர்மன் முறை மலிவானது; விலங்குக்கும் வலியில்லை. ஆனால் தொற்றி ஆறேழு வாரங்கள் ஆன பின்னரே இளம்புழு வெளிவருவதால், அதற்குள் மூளைக் கட்டம் முடிந்திருக்கும். சுண்டெலிக்கு இம்முறை பயன்படாது.

இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா, பல விலங்குகளை ஒரே நாளில் சலித்தெடுக்க ஏற்றது. எனினும், எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும், புழு மடிந்த பின்னும் அது நீடிக்கும், பிற உருளைப்புழுக்களோடு குறுக்குவினையும் (வேறு புழுவால் உண்டான எதிர்ப்பொருளையும் இதுவெனக் காட்டுவது) நேரலாம் என்பதால், உயிருள்ள புழு இப்போது மூளையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அதன் விடையை நான் ஏற்கமாட்டேன்.

மூளைத் தண்டுவட நீரில் இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளையணுக்கள் பெருகியிருப்பது அழற்சியின் நல்ல அடையாளம். ஆனால் அது புழுவின் பெயரைச் சொல்வதில்லை. அதே நீரில் புழுவின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். பெயரைத் துல்லியமாகச் சொல்லும். உயிரோடிருக்கும் விலங்கில் என் முதல் தேர்வு இதுவே. இடர்ப்பாடு நீரின் அளவில்தான்: சுண்டெலியிடமிருந்து சில மைக்ரோலிட்டர் மட்டுமே கிடைக்கும் என்பதால், எதிர்மறை முடிவைத் தொற்றின்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது, மருந்தால் மடிந்த புழுவின் டி.என்.ஏ.வும் சிறிது காலம் நேர்மறை முடிவு தரக்கூடும். எம்.ஆர்.ஐ. ஒரே விலங்கின் மூளை மாற்றங்களைப் பலமுறை பின்தொடர உதவும். தனித்த சிறு புழுவைக் காட்டும் என்று நம்பக் கூடாது.

அல்பெண்டசோல் போன்ற புழுக்கொல்லி மருந்தின் திறனை அளக்கும் ஆய்வில், பிணக்கூறாய்வு செய்து மூளையைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்திப் புழுக்களை எண்ணுவதற்கு இன்றும் ஈடில்லை. எண்ணிக்கையோடு, புழு அசைகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். நான்கு வாரங்களைக் கடந்த எலியின் மூளையில் புழு இல்லையெனில், மருந்து பலித்தது என்று பதிவு செய்வதற்கு முன் நுரையீரல் தமனியையும் திறந்து பார்க்க வேண்டும்.