40,000 ரூபாயில் இரண்டாவது கணினி: ஒரு பக்க வடிவமைப்பாளரின் கணக்கு

ஒரு கவிதைத் தொகுப்பு அச்சகத்துக்குப் போக இரண்டே நாள் இருந்தபோது என் மேசைக் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி புகைந்து நின்றுபோனது. கோப்புகள் அனைத்துக்கும் வெளி வட்டில் நகல் இருந்தது. அவற்றைத் திறப்பதற்குத்தான் கணினி இல்லை. நண்பர் ஒருவர் தம் மேக்புக்கைக் கொடுத்து உதவினார். பக்கங்களை அடுக்கும் மென்பொருளான இன்டிசைனில் கோப்பு திறந்தது. ஆனால் எழுத்துரு இல்லை என்பதைக் காட்டும் இளஞ்சிவப்புப் பட்டை பக்கமெங்கும் விழுந்து, ‘அம்மா’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நின்றது. தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கவிதைகள் அவை. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் திரும்பிவிட்டது. என்றாலும் நான் பழகிய விசைப்பலகை மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவது என்பதால், மூன்று ஒற்றுப் பிழைகளைத் திருத்துவதற்கு வேறு பக்கங்களிலிருந்து ‘க்’கையும் ‘ப்’பையும் நகலெடுத்து வந்து ஒட்ட வேண்டியதாயிற்று.

முதல் கணினியைவிட விலையும் வேகமும் குறைந்த ஒன்று என்று மட்டுமே இரண்டாவது கணினியை அதுவரை நினைத்திருந்தேன். முதலாவது படுத்துவிட்ட நாளில் அதே கோப்பை எழுத்து மாறாமல் திறந்து, திருத்தி, அச்சகத்துக்கான பிடிஎஃப் கோப்பாக்கித் தருவதுதான் அதன் முதல் வேலை என்பது அன்றுதான் உறைத்தது. எழுத்தாளர் வீட்டுக்கோ அச்சகத்துக்கோ எடுத்துச்சென்று அங்கேயே திருத்தம் போடுவது அதன் அடுத்த வேலை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்து, மேசையில் ஏற்கெனவே நிறம் அளந்து சரிசெய்த 24 அங்குலத் திரை ஒன்று இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்து, 40,000 ரூபாய்க்குள் கிடைக்கக்கூடியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தேன். மென்பொருளுக்குத் தனிச் செலவு இல்லை. இன்டிசைனையும் ஃபோட்டோஷாப்பையும் தரும் அடோபியின் தனிநபர் சந்தாவை இரண்டு கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதே நிபந்தனை. ஒன்று விண்டோஸாகவும் மற்றொன்று மேக்காகவும் இருப்பதற்கும் தடையில்லை.

முதலில் அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் மடிக்கணினிகள். சென்னை ரிச்சி தெருவில் இவை அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. நான் குறிவைத்தது 2018ஆம் ஆண்டின் திங்க்பேட் டி480. இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலி, ரேமை, அதாவது வேலை நினைவகத்தை, கழற்றி மாற்றக்கூடிய இரண்டு பொருத்திடங்கள், உள்ளே ஒன்றும் பின்புறம் கழற்றக்கூடியதாக ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள், முழு அளவு எஸ்டி அட்டைக்கான துளை என்று வேலைக்காரனுக்கு வேண்டியவை எல்லாம் இதில் உள்ளன. எட்டாம் தலைமுறை என்பதை வலியுறுத்தக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலோ, ஒருசில விலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இதற்கு முந்தைய டி470 சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். “விண்டோஸ் 11 போட்டே தருகிறோம், சார்” என்று கடைக்காரரும் சொல்வார். போட முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஆதரவுப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் கணினியை அவசரக் காலத்துக்கென்று வாங்குவதில் பொருளில்லை.

டி480இன் பெருங்குறை அதன் திரை. சாதாரணமாக வரும் முழு எச்டி திரை, எஸ்ஆர்ஜிபி எனும் பொதுவான நிறப் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை மட்டுமே காட்டக்கூடியது. கடையில் என் பழைய அட்டைப்படம் ஒன்றைத் திறந்து பார்த்தேன்; குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரிந்தது, மஞ்சள் வெளுத்திருந்தது. உள்பக்கங்களை அடுக்குவதற்கு இது போதும். அட்டைக்கு இதை நம்பினால் அச்சகத்தில் அடி விழும். வீட்டுத் திரையில் செருகிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு இந்தக் குறை பாதியாகிறது. வேறு திரை இல்லாதவருக்கு இது முழுக் குறையேதான்.

இதற்கு நேர் எதிரே நிற்பது, பயன்படுத்திய மேக்புக் ஏர் எம்1. 2020 நவம்பரில் வந்த இதன் 13.3 அங்குலத் திரை எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த பி3 நிறப் பரப்பைக் காட்டுகிறது, விசிறி இல்லாததால் ஓசையே இல்லை, எடையும் 1.3 கிலோவுக்குள். இரண்டையும் அருகருகே வைத்தால் எந்தக் கண்ணும் மேக்கைத்தான் தேர்ந்தெடுக்கும். சிக்கல் உள்ளே இருக்கிறது. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி சேமிப்பகமும் கொண்ட அடிப்படை வகை. இரண்டும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, பிறகு கூட்ட வழியில்லை. ஃபோட்டோஷாப்புக்கு அடோபி குறிப்பிடும் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி. இன்டிசைனில் 300 பக்கப் புத்தகம், ஃபோட்டோஷாப்பில் அட்டை, உலாவியில் பத்துத் தாவல்கள் என்று திறந்தால், இடம் போதாத நினைவகம் சேமிப்பகத்தைக் கடன் வாங்கத் தொடங்குகிறது. எம்1 அதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கடன் ஒவ்வொரு முறையும் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் எழுதப்படுகிறது, எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியை மாற்றவும் முடியாது. முந்தைய உரிமையாளர் அதை எவ்வளவு தேய்த்தார் என்பது வெளித்தோற்றத்தில் தெரியவே தெரியாது. இவ்வளவுக்கும் மேலாக, மேக்கில் விண்டோஸை நிறுவ உதவும் பூட்கேம்ப் எம்1இல் கிடையாது. என் பழைய விண்டோஸ் மென்பொருள்களை அதில் நேரடியாக ஓட்ட இயலாது.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்தக் கடைசித் தடை இல்லை. மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இயங்குதளத்தோடே வருகின்றன. இணைமதி போன்ற தமிழ் எழுத்துருக்களும் கூடவே இருக்கின்றன. இன்று தொழிலைத் தொடங்கும் இளைஞர் எவரும் பாமினிக் கோப்பைத் தொடாமலே காலம் தள்ளிவிடலாம். என்னைப் போல இருபது ஆண்டுக் கோப்புகளைச் சுமப்பவரின் நிலை வேறு; மறுபதிப்புக் கேட்டு ஒரு பதிப்பாளர் வந்தால் இன்டிசைனுக்கு முந்தைய பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு ஒன்று எழுந்து வந்து நிற்கும்.

காணொளி வேலை செய்பவருக்கு என் கணக்கு அப்படியே தலைகீழாகும். இன்றைய கேமராக்கள் பல எச்.265 எனும் சுருக்க முறையில், நிறத் தகவல் கூடிய 10 பிட், 4:2:2 என்ற அமைப்பில் பதிவு செய்கின்றன. டி480இல் உள்ள இன்டெல் யூஎச்டி 620 வரைகலைப் பகுதியால் அதை வன்பொருள் வழியே பிரித்துக்காட்ட முடியாது. முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுவதால், திருமணக் காணொளியின் காலக்கோட்டில் விரலை வைத்து இழுத்தால் படம் விட்டு விட்டு நகரும். எம்1 சில்லில் அதற்கென்று தனிப் பகுதியே இருப்பதால் அது தடுமாறாது. பிராக்ஸி எனும் தரம் குறைத்த நகல் கோப்புகளை உருவாக்கிக்கொண்டு டி480இலும் வெட்டலாம் என்பார்கள். நாளை காலை தரவேண்டிய முன்னோட்டக் காணொளிக்கு அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது.

வெளியே எடுத்துச்செல்லத் தேவையில்லை, வீட்டில் திரையும் விசைப்பலகையும் இருக்கின்றன என்றால் மேக் மினி நல்ல வழி. பயன்படுத்திய எம்1 மினி, அதே சில்லு கொண்ட ஏரைவிட மலிவாகக் கிடைப்பது வழக்கம். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் சின்ன யூபிஎஸ் ஒன்றிலேயே மின்வெட்டைத் தாண்டிவிடும். ஆனால் 8 ஜிபிச் சிக்கல் இங்கும் அப்படியே உண்டு. 2024இல் 16 ஜிபி நினைவகத்தோடு வந்த எம்4 மினி அதைத் தீர்த்துவிட்டது. இந்தியாவில் அதன் அறிமுக விலை 59,900 ரூபாய், மாணவர்களுக்கு 49,900. என் வரம்புக்கு அது வெளியே. வீட்டில் கல்லூரி மாணவர் இருந்து, பத்தாயிரம் கூடுதலாகப் போட முடிந்தால், பழைய எம்1ஐத் தேடி அலைவதைவிட இதுவே மேல் என்பேன். இன்டெல் செயலி கொண்ட பழைய மேக்குகளை, விலை எவ்வளவு இறங்கினாலும், தொட வேண்டாம்: 2025இல் வந்த டஹோதான் அவற்றில் சிலவற்றுக்காவது கிடைக்கும் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது.

உதிரிகளை வாங்கிச் சேர்த்துக் கட்டும் மேசைக் கணினியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற ஆறு கருச் செயலி, தனி வரைகலை அட்டை இல்லாமலே வேலைக்கு ஆகும். பிறகு அட்டை சேர்க்கவும் இடமிருக்கும். ஆனால் 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை ஏறி, மலிவு என்ற அதன் பெருமை கரைந்துவிட்டது. தவிரவும், முதல் கணினி இருக்கும் அதே அறையில் அதே மின்இணைப்பில் நிற்பது, மின்னழுத்தம் எகிறும் நாளில் அதனோடு சேர்ந்தே போகவும் கூடும். ஐபேடும் பென்சிலும் ஓவியருக்கு உகந்தவை. ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் ஐபேடில் உண்டு, இன்டிசைன் இல்லை; எனவே என் பட்டியலிலிருந்து அது உடனே விழுந்துவிட்டது. வாங்குவோர் ஒன்றை மட்டும் கவனிக்கட்டும்: யூஎஸ்பி-சி வகை ஆப்பிள் பென்சில் அழுத்தத்தை உணராது, கோட்டின் தடிமன் கைப்போக்குக்கு ஏற்ப மாற வேண்டுமென்றால் முதல் தலைமுறைப் பென்சிலே அடிப்படை ஐபேடுக்குப் பொருந்தும்.

பழைய பொருளை வாங்குவதில் மாதிரி எதுவென்பதைவிட, கையில் வரும் அந்த ஒற்றைப் பெட்டியின் நிலைதான் முக்கியம். மேக்காக இருந்தால், முழுவதும் அழித்துவிட்டு இணையத்தில் இணைத்து முதலிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். முந்தையவரின் கடவுச்சொல்லைக் கேட்டாலோ, ஏதோ ஒரு நிறுவனத்தின் மேலாண்மைக்கு உட்பட்டது என்று அறிவித்தாலோ, பேரம் அங்கேயே முடிந்தது. திங்க்பேடில், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே கடவுச்சொல் பூட்டு இருந்தால் அதை எடுப்பது பெரும்பாடு. டி480இன் தண்டர்போல்ட் முனையை வைத்து மின்னேற்றியும், திரை ஒன்றைச் செருகியும் பார்ப்பது அவசியம். அதன் ஃபர்ம்வேரில், அதாவது வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில், ஒரு பிழை இருந்து, முனை செயலிழக்காமலிருக்கத் திருத்தப் பதிப்பு வெளியிடப்பட்டது. நான் பார்த்த முதல் பெட்டியில் அந்த முனை திரையைக் கண்டுகொள்ளவேயில்லை. இரண்டாவதில் எல்லாம் சரியாக இருந்தது. பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது பின்புறப் பேட்டரி மட்டும் தன் கொள்ளளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதைக் காட்டி 1,500 ரூபாய் குறைத்து வாங்கினேன். கழற்றக்கூடிய பேட்டரி என்பதால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியது போட்டுவிடலாம். மேக்கில் இதே குறை இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

16 ஜிபி ரேமோடு வந்த பெட்டி அது. பழைய எழுத்துருக் கோப்புறை முழுவதையும் அன்றிரவே அதில் ஏற்றி, முதல் வேலையாக அந்தக் கவிதைத் தொகுப்பைத் திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் விழவில்லை. திரையின் சிவப்பு இன்றைக்கும் செங்கல் நிறம்தான். எழுத்தாளர் வீட்டுக்குப் போகும்போது அட்டையைத் தாளில் அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்கிறேன்.